உப்புத் தண்ணியா, கடினத் தண்ணியா? வீட்டுக் குழாய் நீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குத் தெற்கே, மதுக்கரை போகும் வழியில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ நல்ல தண்ணி வரும். இன்னொன்றில் எந்நேரமும் போர் தண்ணி. திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் லேபில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். காலையில் போனதும் முதல் வேலை தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பதுதான். கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் சாயம் ஏற்றினால் துணி திட்டுத் திட்டாக வரும், ஒரு லாட் முழுக்க வீண். இந்தப் பழக்கம் தெரிந்து, தெருவில் யார் வீட்டில் ஹீட்டர் போனாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை.

கடின நீர் என்றால் என்ன? எங்கள் ஊரில் சொல்லும் உப்புத் தண்ணியும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. சோப்பு நுரைக்காத தண்ணீர், நாக்கில் கரிக்கும் தண்ணீர், பல் தேய்த்தால் சப்பென்று இருக்கும் தண்ணீர், எல்லாவற்றுக்கும் நம் வாயில் ஒரே பெயர், உப்புத் தண்ணி. சிலர் சப்பைத் தண்ணி என்பார்கள்.

நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. சோப்பை நுரைக்க விடாமல் செய்வது கால்சியமும் மக்னீசியமும். பின்னது அதிகமாக இருப்பதுதான் கடின நீர். ஒரு கிணற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். கடற்கரையோரக் கிணறுகளில் உப்பு முந்திக்கொள்ளும், எங்கள் பக்கம் போர்வெல்லில் சுண்ணாம்பு முந்தும். இதைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறைக்கும் இயந்திரம் (ஆர்ஓ) வேறு, சுண்ணாம்பைக் குறைக்கும் இயந்திரம் (சாஃப்ட்னர்) வேறு. மாற்றி வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

மழைத் தண்ணீரில் கடினத்தன்மை கிட்டத்தட்டக் கிடையாது. அது மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் கால்சியம் சேரும். மதுக்கரையில் 1934இலேயே சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணம் இங்குள்ள சுண்ணாம்புக்கல்தான். அதே கல் எங்கள் கெட்டிலின் அடியிலும் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறை இல்லாத ஊர்களிலும் கரிசல் மண்ணைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் வருமே, அதுவும் சுண்ணாம்புதான்.

யாழ்ப்பாணக் குடாநாடு இதற்கு இன்னும் நல்ல உதாரணம். அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, குடிப்பதும் குளிப்பதும் கிணற்றை நம்பித்தான். அங்குள்ளவர்களுக்குக் கேத்திலில் படியும் வெள்ளைப் படலத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோவைக்கு வரும் சிறுவாணி அணைத் தண்ணீர் ஏன் மென்மையாக, இனிப்பாக இருக்கிறது? மலைக்காட்டு மழை பாறைக்குள் வருஷக்கணக்கில் ஊறிக் கிடக்காமல் நேராக அணைக்கு வந்துவிடுகிறது. கரைக்க நேரமே இல்லை.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) குடிநீருக்குச் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை அனுமதி. கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண் இது. அறிக்கையில் பிபிஎம் என்று இருந்தாலும் அதே பொருள்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அட்டவணையில் 180ஐத் தாண்டினாலே மிகக் கடினம். அந்தக் கணக்குப்படி எங்கள் தெருவில் எல்லா வீடுமே மிகக் கடினம்தான்.

எங்கள் வீட்டு போர், மே மாதத்தில் 680 காட்டியது. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த வருஷத்தில் மார்கழியில் எடுத்துப் பார்த்தால் 540. ஒரே போர், ஒரே மோட்டார்தான். அதனால் எப்போதோ எடுத்த ஒரு அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை எடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தோராயமாக முடியும். மூடியுள்ள இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். இரண்டும் கால் பாட்டில் போதும். குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு இரண்டிலும் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். கடின நீரில் நுரை எழாது, தண்ணீர் மோர் மாதிரிக் கலங்கி, தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்கு மிதக்கும். சோப்பிலுள்ள கொழுப்பமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு கரையாத கழிவாக மாற்றிவிடுகிறது. பக்கெட் விளிம்பில் விரலால் வழித்தால் வருமே பிசுபிசுப்பு, அது இதுதான். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோவோம்.

துணி துவைக்கும் பவுடரை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள். அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். கடின நீரிலும் நுரைக்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

லேபில் எப்படி அளக்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. 50 மில்லி தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுப்போம். அமோனியா வாடை மூக்கைத் துளைக்கும் ஒரு கரைசலைக் கொஞ்சம் விடுவோம். பிறகு எரியோக்ரோம் பிளாக் டி என்ற கறுப்புத் தூள், சிட்டிகையிலும் சிட்டிகை. கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரிச் சிவந்துவிடும். மேலே நீளக் குழாயிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு சிவப்பில் ஒரு ஊதா நிழல் தட்டும். அங்கே கையை அடக்க வேண்டும். அடுத்த சொட்டிலோ அதற்கடுத்த சொட்டிலோ முழுக் குடுவையும் தெளிந்த நீலமாகும். 0.01 மோலார் கரைசல் என்றால், செலவான ஒவ்வொரு மில்லிக்கும் கடினத்தன்மை 20. எங்கள் வீட்டுத் தண்ணீர் நீலமாக 34 மில்லி குடித்தது, அதனால்தான் 680. சிறுவாணித் தண்ணீரை வைத்தால் குழாயைத் திறந்து மூடுவதற்குள் நீலமாகிவிடும்.

விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை வைத்து 1,100 என்று காட்டினார். அது கடினத்தன்மையா?

இல்லை. அந்தப் பேனா மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்துள்ள உப்புகள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று ஓர் உத்தேசக் கணக்குச் சொல்கிறது. அதில் சோடியமும் உண்டு, கால்சியமும் உண்டு, நைட்ரேட்டும் உண்டு. எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 1,100 டிடிஎஸ் உள்ள தண்ணீரில் கடினத்தன்மை 600 இருக்கலாம், 150கூட இருக்கலாம். ஒரு பையில் பத்துக் கிலோ சாமான் இருக்கிறது என்றால் அதில் அரிசி எத்தனை கிலோ என்று எப்படித் தெரியும்?

இதைவிட ஒரு வித்தை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் ஒரு தம்பி வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணி, இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை இரண்டிலும் வைத்துச் சுவிட்சைப் போட்டார். ஒரே நிமிஷத்தில் எங்கள் டம்ளர் காவியும் பச்சையுமாகக் கலங்கி, மேலே சகதி மாதிரி மிதந்தது. ஆர்ஓ டம்ளர் பளிங்கு மாதிரி நின்றது. "இதத்தான் சார் தினமும் குடிக்கறீங்க" என்றார். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பு எடுத்து வந்து அவருடைய ஆர்ஓ டம்ளரில் போட்டு, "இப்பப் போடுங்க தம்பி" என்றேன். அதுவும் காவியானது.

அந்தக் காவி தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. தண்ணீரில் உப்பு ஏதாவது கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துருவாக உதிரும். ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் மாதக் கடைசியில் டார்கெட் இருக்கும்.

கடின நீரைக் குடித்தால் கிட்னியில் கல் வருமா?

குழாயில் கல் படிகிறது, அதனால் உடம்பிலும் படியும் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் உடம்பு கெட்டில் அல்ல. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அதற்கு முக்கியக் காரணமாக மருத்துவர்கள் சொல்வது தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் சிறுநீர் கெட்டியாவது. சாப்பாட்டோடு உள்ளே போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றவும் செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த உச்ச வரம்பும் வைக்கவில்லை. ருசிக்காகக் கேன் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் போர் தண்ணி பிடிக்கவில்லை என்று நாளெல்லாம் ரெண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறவர்தான் கல்லை வரவழைக்கிறார். ஏற்கெனவே கல் வந்தவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல.

மக்னீசியமும் சல்ஃபேட்டும் அதிகமுள்ள தண்ணீர் பழக்கமில்லாதவருக்கு வயிற்றைக் கலக்கும். ஊருக்குப் போனால் 'தண்ணி ஒத்துக்கல' என்கிறோமே, சில நேரம் அது இதுவாகவும் இருக்கும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு வரும் காரணம் புரியாத சிறுநீரக நோய் பற்றிக் கேட்பார்கள். கடின நீரும் ஃப்ளோரைடும் சேர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வேளாண் மருந்துகள், வெயிலில் உடல் வறள்வது என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. முடிவான தீர்ப்பு வரவில்லை.

என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைக்கு அல்ல. ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் நிறம், மணம், படிவு எதுவும் காட்டாமல் இருக்கும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லிலும் எலும்பிலும் காட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான்.

முடி கொட்டுவதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணமா?

புது வீட்டுக்குக் குடிவந்த ஆறாம் மாதம் எல்லோரும் கேட்பது இது. கடின நீர் முடியின் வேரைப் பிடுங்குவதில்லை. மேல்பக்கம் படலம் படிந்து முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, சீப்பில் நடுவில் உடைந்து வருகிறது. சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, காரணம் வேறு. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் உடைந்தது.

சோப்பு தேய்த்துத் தலைக்குக் குளிப்பதை விடுங்கள். ஷாம்பு பரவாயில்லை. சீயக்காய், பூந்திக்கொட்டை இன்னும் நல்லது. அவற்றில் நுரைப்பது சபோனின் என்ற வேறு வகைப் பொருள், சோப்பைப்போலக் கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. சீயக்காயில் லேசான புளிப்பும் உண்டு, படலத்தை அது எடுத்துவிடும். எங்கள் அம்மா காலத்தில் தலைக்கு ஊற்ற மட்டும் நல்ல தண்ணி ஒரு குடம் தனியாக எடுத்து வைப்பார்கள். இப்போதும் அதுதான் வழி. குளித்து முடித்து கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணியில் அலசிவிடுங்கள். வாளி நிறைய வேண்டாம்.

குழந்தைகளின் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) விஷயத்தில் பாவம் பெற்றோர்கள் மென்னீர் இயந்திரம் (சாஃப்ட்னர்) வாங்கப் பறக்கிறார்கள். கடின நீர் உள்ள இடங்களில் கரப்பான் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான சோதனையில், மென்னீர் இயந்திரம் பொருத்திய வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல ஈரப்பதக் களிம்பும் தோல் டாக்டரும் கிடைப்பார்கள்.

பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது?

பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். கால்சியம் அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கொட்டை மாதிரி நிற்கும். புளித் தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் இன்னும் மோசம். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும், ஆனால் பி1 வைட்டமின் போகும், கொஞ்சம் அதிகமானாலும் வழவழவென்று ஆகும். பருப்பு வேக வைக்க மட்டும் நல்ல தண்ணி ஊற்றுங்கள், பிறகு குழம்பு விளாவ எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி. சாதம் லேசாக மஞ்சளடிப்பதும் போர் தண்ணியின் காரத்தன்மையால்தான், அரிசிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இட்லிப் பானை உள்ளே கறுக்கிறதா? தண்ணீரில் ஒரு சுளை புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டுவிடுங்கள். பாட்டிமார் காரணம் கேட்காமல் செய்தது. அமிலம் இருந்தால் கறையும் படிவும் பிடிக்காது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு கொதித்ததும் வெள்ளைத் துணுக்காகப் பிரியும். ஆற வைத்துத் தெளிவை மேலாக வடித்துக்கொள்ளலாம். இதற்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சல்ஃபேட், குளோரைடாக இருப்பது எத்தனை கொதித்தாலும் போகாது, அது நிரந்தரம். கொதித்த தண்ணீரில் மிதக்கும் வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் சுண்ணாம்பு.

தேற்றாங்கொட்டை, முருங்கை விதை, படிகாரம், நெல்லிக்கட்டை?

முதல் மூன்றும் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும். அந்த வேலையில் கெட்டி. கரைந்திருக்கும் கால்சியம் கலங்கல் அல்ல, கண்ணுக்கே தெரியாது, அதனால் அதை இவை பிடிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவது நம் ஊர்ப் பழக்கம், தண்ணீர் இனிக்கும் என்பார்கள். ருசிக்குப் போடுங்கள், ஹீட்டரைக் காப்பாற்றும் என்று போடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்பைச் சுண்ணாம்பால் எடுக்கலாம். நீற்றிய சுண்ணாம்பை அளவாகச் சேர்த்தால் தற்காலிகக் கடினத்தன்மை முழுக்கப் படிந்து விழும். ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் 1841இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், பெரிய நீர் நிலையங்களில் இன்றும் நடக்கிறது. வீட்டில் முயற்சி வேண்டாம். அளவு கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் முன்பைவிட மோசமாகும்.

ஹீட்டர் கடமுட என்று சத்தம் போடுகிறது, தண்ணீர் சூடாக நேரமாகிறது.

கம்பிச்சுருளின் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டிவிட்டது. ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் சத்தம்தான் அது. ஒரு கணக்குச் சொல்கிறேன். தினம் 100 லிட்டர் வெந்நீர் எடுக்கிறோம், கடினத்தன்மை 680. ஒரு நாளைக்கு 68 கிராம், வருஷத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ. ஒரு அரிசிச் சிப்பம் அளவு சுண்ணாம்பு அந்த ஹீட்டர் வழியாகப் போகிறது. எல்லாம் அங்கேயே தங்குவதில்லை, ஒரு பங்கு தங்கினாலே போதும்.

சூடு ஏற ஏறப் படிவதும் வேகமாகும், அதனால் தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருப்பி வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீசியனை வைத்துக் கழற்றி, கம்பிச்சுருளை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊற வையுங்கள். சுத்தியலால் தட்டி எடுக்க விடாதீர்கள், உறை விரிசல் விட்டால் ஷாக் அடிக்கும். உள்ளே இன்னொரு கம்பி பாதி கரைந்து கிடக்கும். 'இதுவும் தேஞ்சுபோச்சு சார், மட்டமான பொருள்' என்பார். அது தேய்வதற்கென்றே வைத்த மக்னீசியக் கம்பி. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. புதிது ஒன்று போடச் சொல்லுங்கள்.

வெள்ளைத் துணி பழுப்பாகிறது. என்ன செய்வது?

பழைய வழி இருக்கிறது. வெள்ளாவிக்கு உவர்மண் போட்டார்களே, அதில் உள்ளது சோடியம் கார்பனேட், கடையில் விற்கும் சலவைச் சோடாவும் அதுதான். தண்ணீரில் முதலில் சோடாவைக் கரைத்து ஐந்து நிமிஷம் விட்டால் கால்சியத்தைப் பிடித்துக் கீழே இறக்கிவிடும். பிறகு பவுடர் போட்டால் பவுடர் அழுக்கோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். பட்டு, கம்பளிக்கு இது ஆகாது. கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர் ஊற்றினால் துணியில் தங்கிய சுண்ணாம்பு போய், டவல் அட்டை மாதிரி விறைக்காமல் இருக்கும்.

கறை காவி நிறமாக இருந்தால் அது கடினத்தன்மை இல்லை, இரும்பு. அதற்கு வைத்தியம் வேறு.

குழாய், ஷவர், டைல்ஸில் உள்ள வெள்ளையை எடுக்க ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. கக்கூஸ் ஆசிட் சுண்ணாம்பை நொடியில் எடுக்கும், கூடவே குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஷவர் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, தலை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்கக் கட்டிவிடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடிப் பொடியாக உதிரும். மார்பிள், மொசைக் தரையில் எலுமிச்சைகூட வேண்டாம், அந்தக் கல்லே சுண்ணாம்புதான்.

எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். விஷ வாயு வரும். பாத்ரூம் சின்ன இடம், மூச்சு முட்டிவிடும்.

சாஃப்ட்னர் வாங்கலாமா, ஆர்ஓ வாங்கலாமா?

குளிக்க, துவைக்க என்றால் சாஃப்ட்னர். குடிக்க, அதுவும் டிடிஎஸ் உண்மையிலேயே அதிகமாக இருந்தால், ஆர்ஓ. சிறுவாணியோ பில்லூர் அணைத் தண்ணீரோ குடிக்கிற வீட்டில் ஆர்ஓ எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. 500க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அமைச்சகத்துக்குச் சொன்னது. ஒரு குடம் சுத்தமாக்க இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக விடும் இயந்திரம் அது.

சாஃப்ட்னர் வேலை செய்யும் விதம் பண்டமாற்று. உள்ளே உள்ள ரெசின் மணிகள் சோடியத்தைக் கொடுத்துவிட்டுக் கால்சியத்தை வாங்கிக்கொள்ளும். கைச்சரக்கு தீர்ந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி சோடியம் நிரம்பும். இதனால்தான் சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் மீட்டர் அதே எண்ணைக் காட்டுகிறது. 'ஏமாத்திட்டாங்க' என்று போன் போடாதீர்கள், சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். 25 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 50 கிராம் பிடிக்கும் என்று வைத்தால் மொத்தம் 1,250 கிராம். எங்கள் தண்ணீரின் 680இல் 650ஐ எடுக்க வேண்டும், ஆக ஏறத்தாழ 1,900 லிட்டருக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர், நான்கு பேர் என்றால் மூன்றரை நாளில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு கிலோ உப்பு. மாதம் ஒரு மூட்டை. விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். எனவே கக்கூஸ், தோட்டக் குழாய்களை விட்டுவிட்டு, குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் லைனில் மட்டும் போடுங்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். 650 கடினத்தன்மையை எடுக்க லிட்டருக்கு 300 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. இரண்டு லிட்டர் குடித்தால் ஒன்றரை கிராம் உப்பு தின்ற கணக்கு. பிபி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. செடிக்கும் ஊற்றாதீர்கள். கடின நீரைச் செடி தாங்கும், சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கழுவிய உப்புத் தண்ணீரை மழைநீர்க் குழியில் விடுவதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறெரியும். அது நேரே நம் போருக்கே திரும்பி வரும்.

பைப்பில் கட்டும் காந்தம்?

கட்டுவதற்கு முன்னும் பின்னும் லேபில் கொடுத்தால் கடினத்தன்மை அதே எண்தான் வரும். கல் படிவதாவது குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நான் வாங்கவில்லை.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு உப்பு கேட்கிறார்கள், எதற்கு?

அதற்குள்ளேயே குட்டி சாஃப்ட்னர் ஒன்று இருக்கிறது. கையேட்டில் ஜெர்மன் டிகிரியில் அளவு கேட்டிருந்தால் உங்கள் எண்ணை 17.8ஆல் வகுத்து வையுங்கள். மேசை உப்பு போடாதீர்கள், அதில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்த்த பொருட்கள் ரெசினுக்கு ஆகாது.

மழைநீர் உதவுமா?

இதைவிட மலிவான சாஃப்ட்னர் இல்லை. தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர்க் கட்டமைப்பு கட்டாயம், பல வீடுகளில் அந்தப் பைப் கண்துடைப்புக்குத்தான் நிற்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். எங்கள் பக்கம் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியது சிதறியது போக 45,000 லிட்டராவது தேறும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை ஒரு சின்டெக்ஸில் பிடித்துத் துவைக்க எடுங்கள். மிச்சத்தைப் போருக்குள் இறக்குங்கள். எங்கள் 680, 540 ஆனது அப்படித்தான்.

தண்ணீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் செய்து கொடுப்பார்கள். இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து பிடிக்காமல் போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் கேனை மூன்று தடவை அலசி, விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அறிக்கை வந்ததும் நான்கு வரியைப் பாருங்கள்: மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட். சாஃப்ட்னர் வேண்டுமா என்று முதல் வரி சொல்லும், ஆர்ஓ வேண்டுமா என்று மற்ற மூன்றும் சொல்லும்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். ஐந்து நிமிஷத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்காரர் 'தண்ணிப் பிரச்சினையே இல்லைங்க' என்பார். தண்ணீர் தாராளமாக வரும் என்பதைத்தான் சொல்கிறார், பொய் சொல்லவில்லை. வீடு காட்டுவதற்கு முன் குழாயெல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். அதனால் பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடியின் கீழ்ப்பகுதியையும் ஃபிளஷ் டேங்க் மூடியைத் தூக்கி உள்பக்கத்தையும் பாருங்கள், அங்கே யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். பிறகு மாடிக்குப் போய்த் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஏங்க்கா, இங்க பருப்பு எத்தன விசிலுக்கு வேகும்?" என்று கேளுங்கள்.